அல்லேரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணி நேரம்?

2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தின் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. உடலோடு திரும்பிய ஆம்புலன்ஸ், சாலை முடிந்த இடத்தில் நின்றது. அதற்கு மேல் தாய் பிள்ளையைக் கையில் ஏந்தி மலையேறி நடந்தார். நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் தேடி வரும் வேலூர் மாவட்டத்துக்குள்ளேதான் இது நடந்தது.

மாவட்டப் புள்ளிவிவரத்தில் அல்லேரி ஏன் தெரிவதில்லை? ஒரு வட்டாரத்தில் 100 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 90 பேர் 15 நிமிடத்தில் மருத்துவமனையை எட்டிவிடுவார்கள். மலைமேல் இருக்கும் 10 பேருக்கு 4 மணி நேரமாகும். சராசரி முப்பத்தேழரை நிமிடம். கோப்பில் பார்க்க அந்த எண் நன்றாகவே இருக்கும். ஆனால், முப்பத்தேழரை நிமிடத்தில் போகிறவர் அந்த வட்டாரத்தில் ஒருவர்கூட இல்லை. அதனால், கடைக்கோடியில் இருக்கும் பத்தில் ஒரு பங்கு மக்களுக்கு எவ்வளவு நேரமாகிறது என்பதைத் தனியே எழுதியாக வேண்டும்.

கிராமங்களுக்குச் சாலை எட்டியிருக்கிறதா என்று பார்க்க உலக வங்கி 2006இல் ஒரு குறியீட்டை முன்வைத்தது. எல்லாப் பருவத்திலும் பயன்படும் சாலைக்கு 2 கிலோமீட்டருக்குள் வசிக்கும் ஊரக மக்கள் எத்தனை சதவீதம் என்பதே அது. ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளிலும் அது இடம்பெற்றிருக்கிறது. 2 கிலோமீட்டர் என்றால் 20, 25 நிமிட நடை என்பது அதன் கணக்கு. சமவெளிக்கு இது சரி. வால்டோ டாப்ளர் என்ற புவியியலாளர் 1993இல் சரிவுக்கேற்ப நடைவேகத்தைக் கணிக்க ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர், 100 மீட்டருக்கு 20 மீட்டர் உயரும் ஏற்றத்தில் இரண்டரை கிலோமீட்டர்தான் போவார். 30 மீட்டர் உயர்ந்தால் அதே 2 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இது வெறுங்கையோடு நடப்பவருக்கான கணக்கு. ரேஷன் அரிசி மூட்டையோடு ஏறுகிறவருக்கும், கர்ப்பிணியை டோலியில் தூக்கி மழையில் இறங்குகிற நால்வருக்கும் அந்தச் சூத்திரத்தில் இடமில்லை. வரைபடத்தில் சாலையின் இருபுறமும் 2 கிலோமீட்டருக்குக் கோடு கிழித்து, உள்ளே இருப்பவர்களை எல்லாம் சாலை வசதி பெற்றவர்களாக எண்ணுவது மலைக்குப் பொருந்தவே பொருந்தாது.

2000இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் இதில் ஒரு நல்ல காரியம் செய்தது. மலைப்பகுதியில் தொலைவை நடைபாதை வழியே அளக்கச் சொன்னது. ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் அது இணைப்பில்லாத குடியிருப்பு. ஆனால் மக்கள்தொகை வரம்பு ஒன்றும் இருந்தது: சமவெளியில் 500, மலை மாநிலங்கள் போன்ற சிறப்புப் பகுதிகளில் 250. நாற்பது வீடுகள் கொண்ட ஒரு மலைக்குடியிருப்பு இந்த வரம்பை எட்டுவது கடினம். பக்கத்துக் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ண விதி இடம் தருகிறது. என்றாலும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தால் பக்கத்து ஊர் பக்கத்தில் இல்லை. ஆள் குறைவு என்பதற்காகப் பாம்பின் விஷம் மெதுவாக ஏறுவதில்லை.

நாமக்கல் மாவட்டம் போதமலையில் பல தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தலைச்சுமையாகத்தான் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு வாக்கும் முக்கியம் என்று நினைத்ததால் அரசு அங்கே நடந்துபோனது. மருத்துவத்திலும் பள்ளியிலும் அதே அக்கறையைக் கேட்பது பேராசையாகாது.

சாலை போட்டுவிட்டால் ஏற்றத்தாழ்வு தீர்ந்துவிடுமா என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் சாலை பெற்ற கிராமங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் சாம் ஆஷர், பால் நோவோசாட் இருவரும் 2020இல் வெளியிட்ட முடிவு இது: விவசாயத்திலிருந்து பலர் வெளிவேலைக்குப் போனார்கள், வருமானத்திலும் விளைச்சலிலும் பெரிய மாற்றமில்லை. ஆகவே சாலையின் நீளத்தோடு, அதில் பேருந்து ஓடுகிறதா, சுகாதார நிலையத்தில் செவிலியர் இருக்கிறாரா என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். அந்த ஆய்வைக் காட்டிச் சாலையே வேண்டாம் என்று வாதிடுவது தவறு. அல்லேரித் தாய்க்கு வேண்டியிருந்தது வருமான உயர்வு அல்ல, நேரம்.

மலையில் சாலைக்கு இன்னொரு தடை வனம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராம சபையின் பரிந்துரையோடு ஒரு வசதிக்கு 1 ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைத் தர வழி செய்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. 4 மீட்டர் அகலத்தில் பாதை போட்டால் 1 ஹெக்டேர் இரண்டரை கிலோமீட்டருக்கு வரும். அதற்கு மேல் நீளும் பாதைக்கு 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும். கோப்பு ஆண்டுக்கணக்கில் அலையும். காடும் காக்கப்பட வேண்டியதுதான். அதனாலேயே எந்த ஊருக்கு முதலில் என்ற கேள்விக்குத் துல்லியமான விடை தேவை. ஊர் இளைஞர்களின் கைப்பேசியே நடைபாதையையும் நேரத்தையும் பதிவு செய்துவிடும். கோடையில் எவ்வளவு, ஐப்பசி மழையில் எவ்வளவு, டோலியோடு எவ்வளவு என்று நடந்து அளந்த அட்டவணையைக் கிராம சபைத் தீர்மானத்தோடு இணைக்கலாம். மாவட்ட நிர்வாகம் அதை ஏற்று, ஒவ்வொரு மலைக்குடியிருப்பின் பெயருக்கு எதிரேயும் சுகாதார நிலையத்துக்கான நேரத்தை வெளியிட வேண்டும்.