உங்கள் கம்ப்யூட்டரை எட்டிப் பார்ப்பவர் யார்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இண்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதலில் பயப்படுவது வைரஸுக்குத்தான். சில மாதங்கள் சென்றபின் வேறு சந்தேகங்கள் தலைதூக்கும். நான் அனுப்புவதை வேறு யாராவது படிக்கிறார்களா? போலீஸ் நினைத்தால் என் மெயிலைப் பார்க்க முடியுமா? "உங்கள் கம்ப்யூட்டரைக் கண்காணித்துக் கொண்டிருக்கிறோம்" என்று ஒருவர் போனில் மிரட்டினால் நம்புவதா? இந்த மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. முதல் இரண்டிற்கும் விடை தெரிந்தால், மூன்றாவதில் ஏமாற மாட்டீர்கள்.

ஒரு டிசைன் செல்லும் வழி

போளூரில் தறி வைத்திருக்கும் ஒருவர், புதிய முந்தானை டிசைன் ஒன்றைக் கம்ப்யூட்டரில் வரைந்து, ஆரணியில் உள்ள பட்டு வியாபாரிக்கு அனுப்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். சேலை நெய்து முடியும் முன்பே அந்த டிசைன் வேறொருவர் கைக்குப் போனால் அவருடைய உழைப்பு வீண். எனவே, அந்த பைலை வழியில் யார் பார்க்கலாம் என்பது அவருக்குச் சோறு போடும் விஷயம்.

அவர் ஜிமெயில் மூலம் அனுப்பினால், அவருடைய கம்ப்யூட்டரில் இருந்து சர்வர் வரை பைல் என்கிரிப்ட் செய்யப்பட்டு, அதாவது சங்கேதமாக மாற்றப்பட்டுச் செல்கிறது. இண்டர்நெட் இணைப்பு தரும் நிறுவனத்தால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. எந்தத் தளத்துடன், எந்த நேரத்தில் தொடர்பு கொண்டார் என்பது மட்டும் அதற்குத் தெரியும். ஆனால் மெயில் தங்கும் சர்வரின் சாவி மெயில் நிறுவனத்திடம் உள்ளது. சட்டப்படி கேட்டால் அதனால் திறந்து கொடுக்க முடியும்.

வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரல் முதல் சாவி இரு முனைகளிலும் மட்டுமே இருக்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர, வாட்ஸ்அப் நிறுவனம் கூடச் செய்தியைப் படிக்க முடியாது. ஆனால் யார், யாருக்கு, எப்போது அனுப்பினார்கள் என்ற விவரம் மறைவதில்லை. மேலும், வழி பாதுகாப்பாக இருந்தாலும் முனைகள் திறந்திருக்கலாம். கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்து, லாக் அவுட் செய்யாமல் எழுந்து போனால், அடுத்து அமர்பவர் எல்லாவற்றையும் படித்துவிடலாம். டிசைன் திருடு போவது பெரும்பாலும் இப்படித்தான். இதற்கு ஹேக்கர் தேவையில்லை.

அரசு பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆனால் நினைத்தபோது, நினைத்தவர் பார்க்க முடியாது. போன் ஒட்டுக் கேட்பதற்கு 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் நெடுங்காலம் வழி வகுத்தது. "பொது அவசர நிலை" அல்லது "பொதுமக்கள் பாதுகாப்பு" என்ற இரண்டில் ஒன்று இருந்தால்தான் ஒட்டுக் கேட்கலாம் என்பது அதன் நிபந்தனை. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்குக் கட்டுப்பாடுகளை வகுத்தது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் இதே நிபந்தனை உள்ளது. அதற்கான விதிகள் 2024 டிசம்பரில் வெளியாயின.

கம்ப்யூட்டருக்கு வேறு சட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 69. 2008இல் திருத்தப்பட்ட இந்தப் பிரிவில் மேலே சொன்ன நிபந்தனை இல்லை. எந்தக் குற்றத்தின் விசாரணைக்காகவும் கண்காணிக்கலாம் என்ற அளவிற்கு இது விரிவானது. அதாவது, ஒருவர் போனில் பேசுவதைக் கேட்பதற்கு உள்ள தடையைவிட, அவர் கம்ப்யூட்டரில் இருப்பதைப் பார்ப்பதற்கு உள்ள தடை சிறியது. என்கிரிப்ட் செய்யப்பட்டதைத் திறக்க உதவும்படி ஆணை வந்து, உதவ மறுத்தால் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் உண்டு.

2018 டிசம்பர் 20 அன்று, இந்தப் பிரிவின் கீழ் கண்காணிக்கும் அதிகாரம் பெற்ற 10 அமைப்புகளின் பட்டியலை மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்டது. உளவுத் துறை, சிபிஐ, அமலாக்கத் துறை, தேசியப் புலனாய்வு முகமை ஆகியவை இதில் அடங்கும். இவையும் தாமாகவே பார்த்துவிட முடியாது. 2009ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசில் உள்துறைச் செயலரும், மாநிலத்தில் மாநில உள்துறைச் செயலரும் ஆணையிட வேண்டும். அவசரம் என்றால் ஐ.ஜி. நிலைக்குக் குறையாத அதிகாரி அனுமதிக்கலாம். பின்னர் முறையான ஒப்புதல் பெற வேண்டும். ஆணை 60 நாட்கள் செல்லும். நீட்டித்தாலும் 180 நாட்களைத் தாண்டக் கூடாது.

இதில் குறை என்னவெனில், ஆணையிடுவதும் அதிகாரிகள், அதைச் சரிபார்க்கும் குழுவில் இருப்பவர்களும் அதிகாரிகள். முன்கூட்டியே நீதிபதி பார்ப்பதில்லை. கண்காணிக்கப்படுபவருக்கும் தெரிவிப்பதில்லை. தெரியாத ஒன்றை எதிர்த்து எப்படி வழக்குப் போடுவது?

சென்னையில் வந்த தீர்ப்பு

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு என்ன செய்யும் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 2 அன்று காட்டியது. ஒரு லஞ்சப் புகார் தொடர்பாக, சென்னை நிறுவனம் ஒன்றின் நிர்வாக இயக்குநர் போனை சிபிஐ ஒட்டுக் கேட்க, 2011 ஆகஸ்டில் உள்துறை அமைச்சகம் ஆணையிட்டிருந்தது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்த ஆணையை ரத்து செய்தார். குற்றத்தைக் கண்டுபிடிக்க உதவும் என்பதே போதாது. பொது அவசர நிலையோ, பொதுமக்கள் பாதுகாப்போ இருந்தாக வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். விதிப்படி மறு ஆய்வுக் குழுவின் முன் பதிவுகளை வைக்காததும் தவறு எனப்பட்டது. 2011இல் இட்ட ஆணை செல்லாது என்று அறிய 14 ஆண்டுகள் ஆயின என்பதையும் கவனியுங்கள்.

சட்டத்தின் வழியே வராத கண்காணிப்பும் உண்டு. 2021 ஜூலையில் பேசப்பட்ட பெகாசஸ் என்னும் இஸ்ரேல் நாட்டு சாப்ட்வேர், போனுக்குள்ளேயே புகுந்துவிடும். அப்போது என்கிரிப்ஷன் பயன் தராது. ஏனெனில் நீங்கள் படிக்கும் திரையிலேயே அதுவும் படிக்கிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களை ஆராய்ந்து, 5இல் தீய சாப்ட்வேர் இருப்பதைக் கண்டது. அது பெகாசஸ்தான் என உறுதியாகவில்லை. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று அந்தக் குழு கூறியதாக 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

கண்காணிப்பதாகச் சொல்பவர்

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். சிபிஐ, கஸ்டம்ஸ் என்று சொல்லி வீடியோ காலில் சீருடையுடன் ஒருவர் வருவார். உங்கள் ஆதார் எண் குற்றத்தில் சிக்கியுள்ளது, நீங்கள் "டிஜிட்டல் அரெஸ்ட்" செய்யப்பட்டிருக்கிறீர்கள், கேமரா முன்னால் இருந்து நகரக் கூடாது என்பார். கடைசியில் பணம் கேட்பார்.

மேலே படித்ததை நினைவில் கொள்ளுங்கள். உண்மையான கண்காணிப்பு ரகசியமானது. அதைச் செய்பவர் உங்களுக்குப் போன் செய்து சொல்ல மாட்டார். சொல்பவர் திருடர். டிஜிட்டல் அரெஸ்ட் என்ற ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரும் தம் வானொலி உரையில் இதையே எச்சரித்தார்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ் சென்று லிங்க்டு டிவைசஸ் என்பதைத் திறக்கவும். உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து லாக் அவுட் செய்திடவும்.

2. பேக்கப் எடுப்பவர்கள், அதே செட்டிங்ஸில் சாட் பேக்கப் பிரிவில் உள்ள எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்கப் வசதியை இயக்கவும். பாஸ்வேர்டை மறந்தால் பேக்கப் திரும்பக் கிடைக்காது. எனவே எழுதிப் பத்திரமாக வைக்கவும்.

3. மெயிலுக்கு டூ ஸ்டெப் வெரிபிகேஷன் அமைக்கவும்.

4. பழைய கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் விண்டோஸ் பதிப்பைப் பார்க்கவும். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

5. போனில் பேசும் அந்நியர் சொன்னார் என்று எனி டெஸ்க் போன்ற, திரையைப் பகிரும் சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

6. பணம் பறிபோனால் தயங்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசவும். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

இவை எல்லாம் ஒரு மாலை நேரத்தில் செய்து முடிக்கக் கூடியவை. அரசின் கண்காணிப்புக்கு எல்லை வகுப்பது நீதிமன்றமும் நாடாளுமன்றமும் செய்ய வேண்டிய வேலை. திறந்து வைத்த வாட்ஸ்அப் வெப்பை மூடுவது நம் வேலை.