இரசாயனவியற்றுறையிற் கருத்தரங்கும் ஆய்வுதவியும்

பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் கற்கப் புகும் மாணவர் அங்கே முதலிற் காண்பன இரண்டு: விரிவுரை மண்டபமும் ஆய்வுகூடமும். இவ்விரண்டும் பாடசாலையில் ஓரளவு பழகியவையே. மூன்றாவது ஒன்றும் அங்கே உண்டு. அறிவித்தற் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்னார் இன்ன பொருள் பற்றிப் பேசுவார் என்று அதில் எழுதியிருக்கும். அதுவே கருத்தரங்கு. புதிய மாணவர் அத்தாளை வாசித்துவிட்டு, "இது நமக்குரியதன்று" என்று நடந்துவிடுவது வழக்கம். வெள்ளாங்குளம் போன்ற கரையோரக் கிராமங்களிலிருந்து செல்லும் பிள்ளைகள் கூச்சத்தால் இன்னும் விரைந்து நடந்துவிடுகின்றனர். அத்தாளுக்கும், பட்டம் பெற்றபின் அவர்கள் தேடியலையும் ஆய்வுதவிப் பதவிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதனை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

தமிழாசிரியருக்கு இரசாயனத்தில் என்ன அலுவல் என்று பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். விண்ணப்பப் படிவம் நிரப்பவும் நற்சான்றுப் பத்திரம் பெறவும் ஊர்ப் பிள்ளைகள் வருவது பெரும்பாலும் நம்மிடமே. பெற்றோர் வந்து, "ஐயா, பிள்ளை ஆராய்ச்சி வேலை என்று சொல்லுது, அது நிரந்தரமோ?" என்று வினவுவதும் நம்மிடமே. அன்றியும், தமிழுக்கும் இரசாயனத்துக்கும் உள்ள உறவு நேற்றுத் தோன்றியதன்று. மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் முயற்சியால் 1875இலேயே 'கெமிஸ்தம்' என்னும் தமிழ் நூல் அச்சேறியது.

மாணவரை ஆய்வுக்குத் துணையாகக் கொள்ளும் வழக்கம் தழைத்த இடங்களுள் முதன்மையானது ஜேர்மனியின் கீசன் நகரம். 1824இல் அங்கே பேராசிரியப் பதவியேற்ற லீபிக் என்பார்க்கு அப்போது வயது இருபத்தொன்று. ஆசிரியர் செய்துகாட்ட மாணவர் பார்த்திருக்கும் முறையை விடுத்து, மாணவர் கையிலேயே புதிய வினாவைக் கொடுத்து விடை தேடச் செய்தார் அவர். அவருடைய மாணாக்கரான ஹொவ்மன் 1845இல் இலண்டன் சென்று அங்கே புதிதாகத் தோன்றிய இரசாயனக் கல்லூரியிற் கற்பித்தார். ஹொவ்மனிடம் உதவியாளராக இருந்த வில்லியம் பேர்க்கின் என்ற இளைஞர், 1856ஆம் ஆண்டு விடுமுறையில், மலேரியா மருந்தாகிய குயினைனைச் செயற்கையாக ஆக்க முயன்றார். குயினைன் கிடைக்கவில்லை, ஊதா நிறச் சாயம் ஒன்று கிடைத்தது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. செயற்கைச் சாயத் தொழில் என்னும் பெருந்தொழிலுக்கு அடிகோலியவர் ஓர் ஆய்வுதவியாளர் என்பதை நம் மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

இவ்வரலாறு நமது மண்ணையும் வந்து தொடுகின்றது. மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளின் மணற்றரையில் இயல்பாக வளரும் சாயவேர், படிகாரத்துடன் சேர்ந்து பருத்தித் துணிக்குச் செந்நிறம் ஊட்டுவது. ஒல்லாந்தர் காலத்தில் அதனைக் கிண்டியெடுத்து விற்கும் உரிமையை அரசே தன்கையில் வைத்திருந்தது. அச்செந்நிறத்துக்குக் காரணமான பொருள் அலிசரின். ஐரோப்பாவில் மஞ்சிட்டி இனத்துச் செடியொன்றின் வேரிலிருந்தும் இதே பொருள் பெறப்பட்டது. 1868இல் ஜேர்மனியரான கிறேபவும் லீபர்மனும் அலிசரினை ஆய்வுகூடத்தில் ஆக்கினர்; அடுத்த ஆண்டில் மேற்சொன்ன பேர்க்கினும் அதனை மலிவாக ஆக்கும் வழி கண்டார். வேர்ச்சாயங்களின் சந்தை அதன்பின் சரிந்தது. 1890களில் சாயவேரின் நிறப்பொருள்களை முறையாகப் பகுத்தாய்ந்தவர்கள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஹம்மல் என்பாரும் ஆதர் ஜோர்ஜ் பேர்க்கின் என்பாருமாவர். பின்னவர் வில்லியம் பேர்க்கினின் மைந்தர். நம் மண்ணில் கிண்டிய வேரின் இயல்பை அறியப் பல்லாயிரம் மைல் அப்பால் ஓர் ஆய்வுகூடம் வேண்டியிருந்தது. அக்காலத்தில் இங்கே பல்கலைக்கழகமே இல்லை.

இன்று அவ்வாறு சொல்வதற்கில்லை. 1921இல் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. வடபகுதி மாணவர் கொழும்புக்கோ பேராதனைக்கோ சென்றே விஞ்ஞானப் பட்டம் பெறவேண்டிய நிலை 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டதும் மாறியது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின், மன்னார் வீதியால் பூநகரி சென்று யாழ்ப்பாணத்தை அடைவது நம்மூரார்க்கு எளிதாயிற்று. வவுனியா வளாகமும் 2021இல் பல்கலைக்கழகமாயிற்று. ஆகவே தொலைவு இப்போது தடையன்று. அறிவித்தற் பலகைக்கும் கருத்தரங்கு மண்டபத்துக்கும் இடையிலுள்ள சில அடிகளே தடை.

கருத்தரங்கில் நடப்பது யாது? விரிவுரையில் முடிந்த முடிபுகள் சொல்லப்படும். கருத்தரங்கிலோ முடியாத வேலை முன்வைக்கப்படும். ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுதியாக இருப்பது பல ஆண்டுகளாக ஆராயப்பட்டுவரும் பொருள். தோட்டத்துக்கு இடும் பசளையும், மலகூடக் குழிகளின் கசிவும் சுண்ணக்கல் வெடிப்புகளினூடாக விரைந்து இறங்கி நிலத்தடி நீரைச் சேர்கின்றன. குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தல் ஆகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்; மிகுந்தால் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி உடல் நீலம் பாரிக்கும். இதைப் பற்றி ஒருவர் பேசுகின்றார் என்று கொள்வோம். அளவீடுகளைத் திரையிற் காட்டுவார். பின்னர் வினாக்கள் எழும். நீர் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது, மாரிக்கு முன்னரா பின்னரா? எடுத்த நீர் எத்தனை மணி நேரம் போத்தலில் இருந்தது, குளிரில் வைக்கப்பட்டதா? ஒரே மாதிரியை மும்முறை அளந்தால் மூன்று விடைகளும் எவ்வளவு ஒத்திருந்தன? பக்கத்துக் கிணற்றில் அளவு குறைந்திருப்பதேன்?

இவ்வினாக்களிற் சில, நூலறிவால் மட்டும் எழுவன அல்ல. ஆவணியில் கிணறு உவர்ப்பதையும், மார்கழியில் அதே கிணறு தெளிவதையும், கொதிநீர்ப் பானையின் அடியில் வெண்ணிறப் படிவு ஏறுவதையும் சிறுவயது முதல் கண்டு வளர்ந்த பிள்ளையிடம் அவை இயல்பாகவே இருக்கும். அப்படிவு பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. நம் வடமேற்குக் கரையோரத்தின் அடியிலும் சுண்ணக்கல் கிடப்பதால் வருவது. கொழும்பில் குழாய்நீர் குடித்து வளர்ந்தவர் கேட்க நினையாத வினாவை நம்மூர்ப் பிள்ளை கேட்கலாம். கேட்டால், பேசியவர் நிமிர்ந்து பார்ப்பார். முன்வரிசையில் இருக்கும் பேராசிரியர் திரும்பிப் பார்ப்பார். "நீர் எந்த ஊர்?" என்பது பெரும்பாலும் அடுத்த கேள்வியாக இருக்கும். நாம் மேலே சொன்ன தொடர்பு இங்கேதான் தொடங்குகின்றது.

மொழி ஒரு தடை என்பதை மறைப்பதற்கில்லை. உயர்தரம் வரை தமிழிற் கற்ற மாணவர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திற் கற்கவேண்டியவராகின்றார். கருத்தரங்கும் ஆங்கிலத்திலேயே நடைபெறும். முதல் மூன்று கருத்தரங்குகள் பாதியும் விளங்கா. நான்காவதில் தலைப்பும் படங்களும் விளங்கும். வினாவை முதலில் தமிழில் தெளிவாகத் தாளில் எழுதி, பின் ஆங்கிலமாக்கி, அதனை வாசித்தே கேட்கலாம், அதில் இழுக்கொன்றுமில்லை. தமிழிற் தெளிவாக எழுத முடியாத வினா ஆங்கிலத்திலும் தெளிவாக வராது என்பது நம் அநுபவம். நாம் கட்டுரைப் பயிற்சி வகுப்பில் மாணவரை வருத்தியதெல்லாம் இதற்குத்தானோ என்று இப்போது தோன்றுகின்றது!

துறைக்குள் நடப்பவற்றையன்றி, வெளியே நடப்பனவும் உள. 1991இல் தோன்றிய யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கமும், 1944இல் தோன்றிய இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கமும், 1941இல் இரசாயனச் சங்கமாகத் தோன்றி இப்போது இலங்கை இரசாயன நிறுவகமாக விளங்குவதும் ஆண்டமர்வுகள் நடத்துவன. நான்காம் ஆண்டுச் சிறப்புக் கற்கையில் மாணவர் தாமே ஆய்வொன்று செய்து, அதனைப் பேசியும் காட்டவேண்டும். அவ்வேலை நன்றாக அமைந்தால் ஆசிரியருடன் சேர்ந்து இவ்வமர்வுகளிலும் சமர்ப்பிக்கலாம். அது வேலைத்தேடலிற் பெரிதும் பேசும்.

இனி ஆய்வுதவிப் பதவி. பேராசிரியர் அல்லது விரிவுரையாளர் ஒருவர் ஓர் ஆய்வுத் திட்டத்தை எழுதி, தேசிய விஞ்ஞான மன்றத்திடமோ தம் பல்கலைக்கழகத்திடமோ நிதி கேட்பார். நிதி கிடைத்தால் அதிலிருந்து உதவியாளருக்குப் படி வழங்கப்படும். அரச சேவைப் பதவி போல ஓய்வூதியம் இதற்கில்லை. நிதி முடிய வேலையும் முடியும். இதனோடு ஒப்பிடத்தக்கது, செய்முறை வகுப்புகளுக்குத் துணைநிற்கும் டெமொன்ஸ்ரேற்றர் பதவி, அதுவும் தற்காலிகமானதே. இவற்றுள் எதனை ஏற்பதாயினும் மூன்று சங்கதிகளை முதலிலேயே கேட்டறிதல் நன்று. எத்தனை மாதத்துக்கு நிதி உண்டு? வேலை செய்துகொண்டே முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிவுசெய்ய இயலுமா? செய்த வேலை அச்சேறும்போது உதவியாளர் பெயரும் அதில் இடம்பெறுமா? இரண்டாவதற்கு 'ஆம்' என்ற விடை கிடைக்குமாயின், படி சிறிதாயினும் ஏற்கலாம் என்பது நம் கருத்து. 'இல்லை' என்றால் நன்கு யோசிக்க வேண்டும். போத்தல் கழுவியே இரண்டாண்டு கழிந்துவிடக்கூடும்.

பெற்றோரின் அச்சம் நியாயமற்றதன்று. 2008இல் வீடுவாசல் விட்டுப் போய், பின்னர் திரும்பிவந்து ஓலைக் கொட்டிலிலிருந்து தொடங்கிய குடும்பங்கள் இவை. மூத்த பிள்ளை பட்டம் பெற்றதும் மாதச் சம்பளம் வீட்டுக்கு வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதை யார் பிழை சொல்ல முடியும்? கடனும் தங்கைமாரும் உள்ள வீட்டுப் பிள்ளை ஆசிரிய நியமனம் வந்தால் அதனை ஏற்பதே முறை. ஆனால் நியமனத்துக்காகக் காத்திருக்கும் காலம் பலருக்கு ஓராண்டு, ஈராண்டு என்று நீள்கின்றது. அக்காலத்தை வீட்டிலிருந்து கழிப்பதற்கும், ஆய்வுகூடத்திற் சிறு படியுடன் கழிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தந்தையர்க்கு எடுத்துச் சொல்லலாம், சொன்னால் விளங்கிக்கொள்கின்றனர்.

ஆய்வுதவி வேலையிற் பெற்ற பயிற்சி வெளிநாட்டு உயர்கல்விக்கும் வாயிலாகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இரசாயனத் துறைகளிற் கலாநிதிப் பட்டத்துக்குத் தெரிவானோர்க்குப் பொதுவாகக் கட்டணம் விலக்கப்பட்டு, கற்பித்தற்கோ ஆய்வுக்கோ படியும் வழங்கப்படும். பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கே வெளிநாட்டுக் கல்வி என்னும் எண்ணம் இத்துறையைப் பொறுத்தவரை பொருந்தாது. ஆனால் விண்ணப்பத்துடன் ஆசிரியர் மூவரின் பரிந்துரைக் கடிதம் கேட்பர். பெயரும் புள்ளியும் மட்டும் அறிந்த ஆசிரியர் நான்கு வரிதான் எழுதுவார். கருத்தரங்கில் வினாக் கேட்டதையும், மழையில் நனைந்து நீர் மாதிரி எடுத்துவந்ததையும் கண்ட ஆசிரியர் இரண்டு பக்கம் எழுதுவார்.

பழைய மாணவருக்கு ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழகங்களிலும், கைத்தொழில் தொழினுட்ப நிறுவகம் போன்ற இடங்களிலும் பணிபுரியும் நம்மவர், கருத்தரங்கு அறிவித்தலோ ஆய்வுதவியாளர் தேவை என்ற விளம்பரமோ கண்டால், அதன் பிரதி ஒன்றைக் கல்லூரிக்கு அனுப்பிவைக்க வேண்டும். விளம்பரம் வெளிவந்து முடிவு நாள் நெருங்குவது பெரும்பாலும் சில வாரங்களுள். நம்மூருக்குச் செய்தி எட்டும்போது நாள் கடந்துவிடுகின்றது. உயர்தர விஞ்ஞான மாணவர் நால்வரை ஆண்டுக்கொரு முறை யாழ்ப்பாணத்தில் நடக்கும் அமர்வொன்றுக்கு அழைத்துச் செல்வதற்குப் பேருந்துக் கட்டணமும் ஒருநாட் சாப்பாடும் போதும். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதற்கென ஒரு சிறுதொகை ஒதுக்கப்படுமாயின், பிள்ளைகளைக் கூட்டிச்செல்லும் பொறுப்பை நாம் ஏற்கின்றோம்.