காற்றாலைச் சீமைக்கு ஏற்ற ஆராய்ச்சி

சங்கரன்கோவிலில் கரண்ட் போனால் விசைத்தறி நிற்கும். லைனில் மரக்கிளை விழுந்திருக்கும் என்று பேசிக்கொள்வார்கள். நாடே இருண்டால் மட்டும் சந்தேகம் ஹேக்கர் பக்கம் ஓடுகிறது. மின்கட்டமைப்புப் பாதுகாப்பு ஆராய்ச்சி கணினி படித்தவர்களின் வேலை என்ற எண்ணம் இதனால்தான் வேரூன்றிப் போயிருக்கிறது. நடந்தவற்றைப் பார்த்தால் அது பாதி உண்மைதான். 2012 ஜூலை 30 அன்று வட இந்தியா இருண்டது. மறுநாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்துகொள்ள, சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி பாதிக்கப்பட்டது. தொடக்கம் பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைன். அதில் பழுதே இல்லை. மிகுந்த சுமையைப் பழுதென்று எடுத்துக்கொண்டு லைனைக் காக்கும் ரிலே என்ற கருவி அதைத் துண்டிக்க, அந்தச் சுமை மற்ற லைன்களில் ஏறி அவையும் வரிசையாக விலகின. தனிக் கட்டமைப்பாக இருந்த தெற்கு அன்று தப்பியது. 2013 டிசம்பர் 31 முதல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக நாமும் அதே மின்வலையில்தான் இருக்கிறோம்.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோதும் சைபர் தாக்குதல் என்ற பேச்சே முதலில் எழுந்தது. மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி மின்நிலையங்கள் அடுத்தடுத்து விலகியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. தென்காசி, திருநெல்வேலி வட்டாரத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. மே முதல் செப்டம்பர் வரை செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் சுழல்கின்றன. மின்னழுத்தத்தை நிலைநிறுத்தத் தேவையான ரியாக்டிவ் பவரைப் பழைய ரகங்கள் கட்டமைப்பிலிருந்தே உறிஞ்சுபவை. புதியவை அதைக் கொடுக்கவும் வல்லவை. இரண்டும் கலந்த வலையில் காற்று சட்டென ஓய்ந்தால் மின்னழுத்தத்தை எப்படித் தாங்கிப்பிடிப்பது? இது ஆராய்ச்சிக் கேள்வி. தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் பக்கத்துக் கயத்தாறில்தான் இருக்கிறது.

ஹேக்கர் ஆபத்து கற்பனையா என்றால், இல்லை. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்கு அது போகவில்லை. 2015 டிசம்பரில் உக்ரைனில் ஊடுருவியவர்கள் தொலைவிலிருந்தே பிரேக்கர்களை, அதாவது மின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சுகளை, திறந்து 2 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளை இருட்டாக்கினார்கள். மின்சாரம் சில மணி நேரத்தில் திரும்பியதற்குக் காரணம், ஊழியர்கள் துணை மின்நிலையங்களுக்கே போய்க் கையால் பிரேக்கர்களை மூடியது. புகுந்தது கணினி வழி, மீண்டது மின் அறிவால். எந்தப் பிரேக்கரைத் திறந்தால் எந்த ஊர் இருளும், எதை முதலில் மூடினால் வலை மறுபடி சரியாது என்று கணிக்க நெட்வொர்க் மட்டும் படித்தவரால் ஆகாது.

வேலை எங்கே என்ற பெற்றோரின் கேள்வி நியாயமானது. இடங்கள் குறைவு, பெங்களூருவின் மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம், தேசிய மின்கட்டமைப்பை இயக்கும் கிரிட் இந்தியா, ஐஐடிகள், ரிலே தயாரிக்கும் கம்பெனிகள் என்று விரல்விட்டு எண்ணலாம். ஜூனியர் ஆராய்ச்சி உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், மென்பொருள் சம்பளத்தோடு ஒப்பிட்டால் கவர்ச்சியில்லை. ஆனால் போட்டியும் அதே அளவுக்குக் குறைவு. பொறியியல் கல்லூரிகள் எலெக்ட்ரிக்கல் இடங்களைக் குறைத்துக் கம்ப்யூட்டர் சயின்ஸைப் பெருக்கும் காலம் இது. காற்றாலைகளும் சோலார் பூங்காக்களும் மட்டும் கூடிக்கொண்டே போகின்றன.