கல்யாண ஆல்பம்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு தாள்

குழந்தைக்குக் காதுகுத்தே ஆகிவிட்டது. கல்யாண ஆல்பம் இன்னும் வரவில்லை. போன் செய்தால், "லேப்ல இருக்குண்ணே, அடுத்த வாரம் வந்துரும்" என்கிறார் ஸ்டுடியோக்காரர். இப்படிப் புலம்பிக்கொண்டு வருகிறவர்களிடம் "எழுதி வாங்கினீர்களா?" என்று கேட்டால், "தெரிஞ்ச பையன்தான் சார், அவன்கிட்ட என்னத்த எழுதி வாங்குறது?" என்கிறார்கள். மண்டபத்துக்கு ரசீது, மளிகைக்குப் பட்டியல், ஜெனரேட்டர் டீசலுக்குக்கூடக் கணக்கு. திரும்ப எடுக்கவே முடியாத படங்களுக்கு மட்டும் வாய்ச்சொல்!

அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டுடியோ தரும் கொட்டேஷனிலேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போடலாம். முதலில், யார் எடுக்கப்போகிறார் என்பது. நல்ல முகூர்த்த நாளில் ஒரே ஸ்டுடியோ மூன்று மண்டபங்களுக்கு ஆள் அனுப்பும். நீங்கள் பார்த்து மயங்கிய ஆல்பத்தை எடுத்தவர் வேறு மண்டபத்தில் இருப்பார். அவர் பெயரைத் தாளில் எழுதுங்கள். பொறுக்கியெடுத்த பத்துப் படங்களைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு கல்யாணத்தின் முழு ஆல்பத்தையும் கேளுங்கள். விடிகாலை முகூர்த்தத்தில், மங்கிய மண்டப வெளிச்சத்தில், ஹோமப் புகைக்கு நடுவே எப்படி எடுத்திருக்கிறார் என்று பாருங்கள்.

அடுத்து: எத்தனை கேமரா, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, ஆல்பத்தின் அளவு, எத்தனை ஷீட், கூடுதல் ஷீட்டுக்கு என்ன விலை, எடிட் செய்யாத மூலப் படங்கள் கிடைக்குமா, அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுப்பார்களா. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆல்பம் கைக்கு வரும் தேதி. "கூடிய சீக்கிரம்" என்பது தேதி அல்ல.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணை ஆல்பம் கைக்கு வந்த பிறகுதான். யுபிஐ அல்லது வங்கி வழியாக அனுப்புங்கள். ரொக்கமானால் ரசீது வாங்குங்கள். முழுப் பணத்தையும் கல்யாண மேடையிலேயே கொடுத்துவிட்டுப் பிறகு மாதக்கணக்கில் அலைகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

கோயிலில் கல்யாணம் என்றால், கேமராவுக்கு அனுமதி உண்டா, கட்டணம் எவ்வளவு என்று செயல் அலுவலரின் அலுவலகத்தில் முன்பே கேட்டு ரசீது வாங்கிவிடுங்கள். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வாசலில் காவலாளியிடம் வாதாடிக்கொண்டிருந்தால் முகூர்த்தம் காத்திருக்காது.

மண்டபத்தில் படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நம் வீட்டு ஆட்களே. கெட்டிமேளம் கேட்டதும் எல்லோரும் எழுந்து மேடையை மொய்க்கிறார்கள். ஒரு கையில் அட்சதை, மறு கையில் செல்போன். மூன்று முடிச்சும் விழுந்து முடிவதற்குச் சில நொடிகள்தான். ஆல்பத்தைப் புரட்டினால் தாலி இருக்க வேண்டிய இடத்தில் பெரியப்பாவின் முழங்கையும் யாரோ ஒருவரின் போன் திரையும். கேமராவுக்கு முன் யாரும் வராமல் பார்த்துக்கொள்ள முரட்டுக் குரலுள்ள ஒரு மாமாவை நிறுத்துங்கள். தாய்மாமன் யார், அத்தை யார் என்று கேமராக்காரருக்குத் தெரியாது. குடும்பப் படங்களின் பட்டியலை எழுதி, முகம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அவரைக் கேமராக்காரர் கூடவே விடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஏமாற்றினால்? காவல் நிலையத்துக்குப் போனால் "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள். அதோடு சோர்ந்துவிடாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு சேவை தராதது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். கூடவே, 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஸ்டுடியோ வெளியூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கையெழுத்திட்ட தாள், பணம் அனுப்பிய ஆதாரம், நோட்டீஸ் நகல், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப்படி ஆகியவற்றை இணையுங்கள். வாட்ஸ்அப் ஆதாரத்துடன் பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படியான சான்றிதழையும் சேர்த்துவிட்டால் பிறகு தகராறு வராது. சட்டம் சொல்லும் மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வருமென்று நம்பி இருக்காதீர்கள்; வாய்தா மேல் வாய்தா போடுவார்கள். விடாமல் போய் நில்லுங்கள்.

இன்னொன்று. காசு கொடுத்து நீங்கள் எடுக்கச் சொன்ன படத்துக்கு, மாறாக ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் நீங்கள்தான் என்கிறது பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆம் பிரிவு. ஸ்டுடியோவின் பில்லுக்குப் பின்னால் பொடி எழுத்தில் "விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம்" என்றிருந்தால், விருப்பமில்லாதவர்கள் கையெழுத்துக்கு முன்பே அந்த வரியை அடித்துவிடுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டே ஆண்டுதான் அவகாசம். "அடுத்த வாரம்" என்று அவர் இழுப்பதும் நீங்கள் தலையாட்டுவதும் அந்த அவகாசத்தைத்தான் தின்கின்றன. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற சண்டை வராமல் காப்பது தாளில் உள்ள அந்தத் தேதி. அதனால் மறுபடியும் சொல்கிறேன்: தேதியை எழுதி வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், ஆல்பம் வராமல் கடைசித் தவணை கொடுக்காதீர்கள்.