பூவேந்தி வரும் பிஞ்சுப் பாதங்கள்



கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் எங்கள் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் வெயிலோடு கல்யாணங்களும் வந்துவிடும். மாரி மழையில் பந்தல் போட்டுச் சிரமப்படுவதை விட வெயிலைத் தாங்கிக்கொள்ளலாம் என்பது பெரியவர்களின் கணக்கு. மணமகளின் உடுப்பு, நகை, விருந்துச் சாப்பாடு என்று ஒவ்வொன்றையும் மாதக் கணக்கில் யோசிக்கிறோம். மணமகளுக்கு முன்னால் பூக்கூடை ஏந்தி வரும் சின்னஞ்சிறுமிகளின் கவுன்கூட இரண்டு மூன்று தடவை தையல்காரியிடம் போய் வருகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் காலுக்கு என்ன போடுவது என்ற யோசனை மட்டும் கல்யாணத்துக்கு முதல்நாள் மாலையில்தான் வருகிறது.

நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் குடும்பத்துக் கல்யாணம் ஒன்றில் ஆறு சிறுமிகளுக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சப்பாத்து என்று முடிவாயிற்று. ராத்தாவின் ஐந்து வயது மகளுக்குச் சரியான அளவு கிடைக்கவில்லை. ஓர் அளவு சிறியதுதான் இருந்தது. “ஒரு நாளைக்குத்தானே” என்று வாங்கிவிட்டேன். லுஹருக்குப் பின் மண்டப வாசலில் போட்டோ எடுப்பதற்காகப் பிள்ளைகளை நிறுத்தி வைத்தார்கள். “சாச்சி, கால் நோகுது” என்றாள். “கொஞ்சம் பொறுங்க மகள்” என்றேன். மாலையில் சப்பாத்தைக் கழற்றியபோது குதிகால் தோல் உரிந்து, மேசோடு ஒட்டியிருந்தது. கல்யாண அல்பத்தில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் சிரிக்க, அவள் மட்டும் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் என் மனம் குத்துகிறது.

நம் ஊர் வெயிலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தென்மேல் பருவக்காற்று தன் மழையை மேற்கு மலைநாட்டில் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாகத்தான் நம்மிடம் வந்து சேருகிறது. மே முதல் செப்டெம்பர் வரை பகல் வெப்பம் பல நாட்களில் 34, 35 பாகை செல்சியஸ்வரை ஏறும். தார் வீதியும் சீமெந்துத் தரையும் அதைவிடச் சூடாகிவிடும். இந்தச் சூட்டில் பெரியவர்களுக்கே கால் வீங்கும். றெக்சீன் சப்பாத்துக்குள் அடைபட்ட பிஞ்சுக் கால் வியர்த்து, ஊறி, உராய்ந்து, கடைசியில் கொப்புளம் போடும்.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடுகிறோம். வளர்ந்தவர்களின் ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. சிறு பிள்ளைகளுக்கோ அவற்றில் பெரும்பகுதி இன்னும் முழுதாக எலும்பாகாத குருத்தெலும்பு. இறுக்கமான சப்பாத்துக்குள் விரல்கள் மடங்கினாலும் சில பிள்ளைகளுக்கு உடனே வலி தெரியாது. அதனால் “நோகுதா?” என்று கேட்டால் மட்டும் போதாது. நாமே கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

சரி, எப்படித் தெரிவு செய்வது?

மாலை நேரத்தில் பிள்ளையை ஒரு கடதாசி மட்டையில் நிற்க வைத்து, இரண்டு பாதங்களையும் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். பகல் முழுக்க ஓடியாடிய கால் மாலையில்தான் அதன் முழு அளவில் இருக்கும். எந்தப் பாதம் பெரிதோ அதை வெட்டிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் உங்கள் பெருவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும். அதற்கு மேல் பெரிதானால் கால் வழுக்கி இடறும். “அடுத்த வருஷமும் போடலாம்” என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவதும் பிழைதான். வளரும் வயதில் சில மாதங்களிலேயே கால் அளவு மாறிவிடும். ஆகையால் கல்யாணத்துக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன் வாங்குவதே நல்லது.

கோடைக்கு ஏற்றது விரல் மூடாத, பின்வார் உள்ள செருப்பு. குதி தட்டையாக இருக்கட்டும். வார் மிருதுவாக இருக்க வேண்டும். ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், உங்கள் விரலுக்கு உறுத்துவது அவள் காலை வெட்டும். மண்டபத்து மாபிள் தரையில் புதுச் செருப்பு வழுக்கும். முற்றத்துச் சீமெந்தில் தினமும் சிறிது நேரம் நடக்க விட்டால் அடிப்பாகம் கொஞ்சம் சொரசொரப்பாகும், வாரும் காலுக்குப் பழகும். நம் வீடுகளில் வாசலிலே செருப்பைக் கழற்றுகிறோம் அல்லவா? ஆகவே பிள்ளை தானாகவே கழற்றி மாட்டக்கூடிய வெல்க்ரோ வார் நல்லது. செருப்புக் குவியலில் மாறிப்போகாமல் உட்புறத்தில் ஓர் அடையாளமும் போட்டு வையுங்கள்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அக்கரைக் கல்யாணத்துக்குப் ‘பாதை’யில் ஏறித்தான் போக வேண்டும். எங்கள் உம்மும்மா பிள்ளைகளின் நல்ல செருப்பைப் பன் பையில் வைத்துக்கொண்டு, பழையதைப் போட்டே கூட்டிப் போவார். கல்யாண வீட்டு வாசலில்தான் புதியது வெளியே வரும். இன்று வாகனத்தில் போனாலும் அந்த யோசனை பழையதாகிவிடவில்லை. பழகிய ஒரு சோடியும் இரண்டு பிளாஸ்டரும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். போட்டோ முடிந்ததும் மாற்றி விடுங்கள்.

கடைசியாக ஒன்று, கல்யாண வீட்டாருக்கு. “எல்லாரும் இதே கடையில், இதே மொடலில்” என்று சொல்லும் முன் அந்த ஆறு பிள்ளைகளின் வாப்பாமாரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் வெளிநாட்டில் உழைப்பவராக இருக்கலாம். இன்னொருவர் காற்று அடித்தால் தோணி இறக்க முடியாதவர். செருப்பு வாங்க வழியின்றி, “பிள்ளைக்குக் காய்ச்சல்” என்று சொல்லி ஒரு தாய் ஒதுங்கிக்கொண்டால், அந்தப் பிள்ளையின் மனத்தில் விழும் கொப்புளத்துக்கு எந்தப் பிளாஸ்டரை ஒட்டுவது? நிறத்தை மட்டும் சொல்லுங்கள், வீட்டில் இருப்பதைப் போட்டு வரட்டும். கவுன் கணுக்கால்வரை மறைக்கும்போது செருப்பின் வேறுபாடு யார் கண்ணில் படப்போகிறது? ஒரே மாதிரிதான் வேண்டுமென்றால் ஆறு சோடியையும் நீங்களே வாங்கி அன்பளிப்பாகக் கொடுத்துவிடுங்கள். மறுநாள் குர்ஆன் மத்ரஸாவுக்கும் போட்டுப் போகக்கூடியதாக வாங்கினால் வீண்விரயமும் இல்லை.

செருப்பை அணியும்போது வலது காலையும் கழற்றும்போது இடது காலையும் முதற்படுத்துவது பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழி. கல்யாண நாளின் பரபரப்பிலும் பிள்ளையின் முன் குந்தி, பிஸ்மி சொல்லி, வலது காலில் முதலில் மாட்டி விடுங்கள். வாரைப் பூட்டிவிட்டு, “நடந்து காட்டுங்க மகள்” என்று சொல்லிப் பாருங்கள். அவள் ஓடிப்போய்த் திரும்பி வந்து சிரித்தால் உங்கள் தெரிவு சரிதான்.