வக்பு: ஒரு சட்டச் சொல்லின் பொருளும் பெயர்ப்பும்

அரபு மொழியில் 'வகஃப' என்னும் வினைக்கு நிற்றல், நிறுத்துதல் என்பன பொருள்களாகும். அதனடியாகப் பிறந்த வக்பு என்னும் சொல், ஒருவர் தமக்குரிய சொத்தை எவரும் விற்கவோ மரபுரிமையாகப் பிரிக்கவோ இயலாதவாறு நிறுத்திவைத்து, அதன் பயனை மட்டும் அறத்திற்கு விடுவதைக் குறிக்கும். இதனைத் 'தருமம்' எனவும் 'நன்கொடை' எனவும் பெயர்ப்போர் உளர். நிறுத்துதல் என்னும் கருத்து அவ்விரண்டிலும் இல்லை. அம்பாசமுத்திரத்து வரகுண பாண்டியன் கல்வெட்டில் வரும் 'முதல் கெடாமை' என்னும் தொடரே இக்கருத்துக்கு மிக நெருங்கியது எனலாம்.

முதல் கெடாது நின்றமையால்தான் கல்வி நிலையங்களும் நிலைத்தன. மொரோக்கோ நாட்டு ஃபெஸ் நகரின் கரவிய்யீன் பள்ளிவாசலில் ஆசிரியர் ஊதியத்திற்கும் மாணவர் உறையுளுக்கும் வக்பு வருவாய் பயன்பட்டது. நூற்படிகளும் வக்பு ஆக்கப்பட்டன. ஏட்டில் அச்சொல் எழுதப்பட்டபின் அது விலைப்பொருள் அன்று. தமிழகத்தில் சோனகர் பள்ளிக்கு விடப்பட்ட இறையிலியைத் திருப்புல்லாணியிலுள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு கூறுகிறது. சமணர் உறையுள், தொழுமிடம், கல்விக்கூடம் ஆகிய மூன்றையும் 'பள்ளி' என்னும் ஒரு சொல்லே சுட்டிவந்தமை இங்குக் கருதத்தக்கது. எனினும் அரசன் விட்ட இறையிலியை வக்பு எனப் பெயர்த்தல் பொருந்தாது; வக்பு செய்பவர் அச்சொத்தின் உடைமையாளராதல் வேண்டும்.

அந்தமானில் இந்நிபந்தனையே சிக்கலாகிறது. 1858இல் அங்குத் தண்டனைக் குடியேற்றம் அமைந்தது. 1921ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்குப்பின் நாடுகடத்தப்பட்ட மாப்பிள்ளைமார் தம் ஊர்ப்பெயர்களையும் உடன் கொணர்ந்தனர். மஞ்சேரி, திரூர், வண்டூர் ஆகியன இன்றும் தெற்கு அந்தமானில் உள்ளன. பெயர் அவர்களுடையது, நிலமோ அரசினுடையது. 1966ஆம் ஆண்டின் நில ஒழுங்குவிதியும் தீவுகளின் நிலம் அரசையே சாரும் என்றது. குடிகள் பெறுவது அனுபோக உரிமையே.

இத்தகைய இடத்தில், வக்பு ஆவணம் இன்றியும் நெடுங்காலப் பயன்பாட்டினால் வக்பு அமையும் என்னும் கருத்து தனிச் சிறப்புப் பெறும். ஆங்கிலச் சட்டநடை இதனை 'வக்ஃப் பை யூசர்' என்னும். இங்கு 'யூசர்' என்பது பயன்படுத்தும் ஆளைக் குறிப்பதன்று, பயன்படுத்துதலாகிய செயலைக் குறிப்பது. 'வக்ஃப் பில் இஸ்தெமால்' என்னும் உருது வழக்கு இதனைத் தெளிவாக்கும். 'பயனாளர் வக்பு' என்னும் பெயர்ப்போ பயன்பெறுவோரையும் பயன்படுத்துவோரையும் ஒன்றாகக் குழப்பிவிடும். 'பயன்பாட்டு வக்பு' என்பதே தக்கது.

2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இவ்வகையில் புதிய வக்பு அமைவதற்கு இடமில்லை என்றது. சட்டத்திற்குமுன் பதிவு பெற்றவை, அரசு நிலம் என்றோ பிறவாறோ பூசலுக்கு உட்படாத அளவில் நிலைக்கும் என்றும் விதித்தது. ஆகவே 'யூசர்', 'அரசு நிலம்' ஆகிய இரு சொற்களையும் பிழையறப் பெயர்த்தால்தான் அந்தமான் தமிழ் வாசகர் தம் பள்ளிவாசலின் நிலையை அறியக்கூடும்.