ஜீப்புக்குப் பட்டுக் குஞ்சமா?

துடைப்பக்கட்டைக்குப் பட்டுக் குஞ்சம் கட்டியது போல என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கேலியாகச் சொல்வதுண்டு. மஹிந்திரா கம்பெனி இருபது இலட்சம், முப்பது இலட்சம் ரூபாய்க்குச் சொகுசு வண்டி விற்கிறது என்று கேள்விப்பட்டபோது, அறுபதைத் தாண்டிய என் போன்றவர்களுக்கு முதலில் அந்தப் பழமொழிதான் நினைவுக்கு வந்தது. ஜீப் செய்தவனுக்கு எதற்கு இந்த வேலை என்றே தோன்றியது. ஆனால் 2025 நவம்பரில் இதே பெங்களூரில் எக்ஸ்.இ.வி. 9எஸ் என்ற ஏழு பேர் அமரும் மின்சார வண்டியை அவர்கள் அறிமுகப்படுத்தியதிலிருந்து, நம் சங்கத்துக் குடும்பங்களிலும் அதைப் பற்றிய பேச்சு நடக்கிறது. பிள்ளைகள் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பெற்றோர் என்ன பதில் சொல்வது என்று விழிக்கிறார்கள். எனவே இந்தக் கம்பெனி எங்கே தொடங்கி எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்பதை, எந்திரத்தோடு காலம் தள்ளியவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

1945இல் லூதியானாவில் தொடங்கிய இந்த நிறுவனத்தின் முதற் பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. சகோதரர்களான ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா ஆகியோருடன் குலாம் முகமது பங்குதாரராக இருந்தார். எஃகு வியாபாரம்தான் தொழில். பிரிவினைக்குப் பின் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகிவிட்டார். 1948இல் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று மாறியது. அந்தக் காலகட்டத்தில்தான் இரண்டாம் உலகப்போரில் பெயர் பெற்ற அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்கும் உரிமையைப் பெற்றார்கள்.

அந்த ஜீப்பை நம்மவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. போலீஸ் ஜீப், வனத்துறை ஜீப், தேர்தல் நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஜீப், வால்பாறை எஸ்டேட்டில் துரை வந்து இறங்கும் ஜீப் என்று அது இல்லாத தமிழ்ப் படமே அன்று குறைவு. தருமபுரி, ஒசூர் பக்கம் மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக்கும் வேலையில் நான் இருந்தபோது, எங்களுக்கும் ஒரு பழைய ஜீப் உண்டு. கதவு கிடையாது. மழை வந்தால் பக்கவாட்டில் தார்ப்பாய். சரளைக் கற்குவியலின் மேல் ஏறி இறங்கும். ஃபேன் பெல்ட் அறுந்தால் ஓட்டுநர் எதையாவது கட்டி முகாமுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். ஒரு ஸ்பேனர் பெட்டியும் கொஞ்சம் கம்பியும் போதும். மூன்றேகால் மீட்டர் நீளந்தான். அல்சூர் சந்துகளில்கூடத் திரும்பும். முதுகெலும்புதான் பாவம்!

இந்த முரட்டு வண்டியையே ஐம்பது ஆண்டுகள் வெவ்வேறு சட்டை மாட்டி விற்றுக்கொண்டிருந்த கம்பெனிக்கு, 1990களில் தாராளமயம் வந்ததும் பயம் பிடித்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் எல்லாம் வந்து இறங்கின. அப்போது அவர்கள் எடுத்த முடிவுதான் முக்கியம். வெளியிலிருந்து ஒரு வண்டியை வாங்கிப் பெயர் மாற்றி விற்காமல், சொந்தமாக ஒன்றைச் செய்வது என்று துணிந்தார்கள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பிரிவில் பணியாற்றி 1993இல் இந்தியா திரும்பிய பவன் கோயங்கா அதற்குத் தலைமை தாங்கினார். 2002 ஜூனில் ஸ்கார்ப்பியோ வந்தது. 600 கோடி ரூபாய்க்குள் ஒரு புதிய வண்டியை உருவாக்கியதை உலகமே வியந்து பேசியது. நம் கரைவேட்டிக்காரர்களுக்கு அம்பாசடரை விட்டு இறங்க ஒரு காரணமும் கிடைத்தது.

அடுத்த படி 2011இல் வந்த எக்ஸ்.யூ.வி. 500. இதில் என்ன புதுமை என்பதை ரயில்வே மொழியில் சொன்னால் எளிதில் விளங்கும். அந்தக் கால ரயில் பெட்டியில் கீழே கனமான ஓர் அடிச்சட்டம் இருக்கும். அதன் மேல் பெட்டியின் உடலைத் தனியாக வைத்துப் பூட்டியிருப்பார்கள். விபத்தில் ஒரு பெட்டியின் அடிச்சட்டம் அடுத்த பெட்டிக்குள் புகுந்துவிடும், உயிர்ச்சேதம் அதிகம். 1955இல் பெரம்பூரில் தொடங்கிய தொழிற்சாலைக்கு இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி என்று பெயர் வைத்தார்களே, அந்த ‘இன்டெக்ரல்’ என்ற சொல்லுக்கு அர்த்தமே, அடிச்சட்டமும் சுவரும் கூரையும் ஒரே கூடாகச் சேர்ந்து பாரத்தைத் தாங்கும் என்பதுதான். ஜீப்பும் பொலீரோவும் முதல் வகை. ஏணி போன்ற சட்டத்தின் மேல் உடல். எக்ஸ்.யூ.வி. 500 இரண்டாம் வகை. எடை குறையும், குலுக்கல் குறையும், வளைவில் சாயாது. கரடுமுரடான பாதைக்கும் பாரம் இழுப்பதற்கும் ஏணிச் சட்டம்தான் மேல் என்பதால் தார், ஸ்கார்ப்பியோ-என் ஆகிய வண்டிகளில் இன்றும் அதையே வைத்திருக்கிறார்கள். எக்ஸ்.யூ.வி. 500இன் வடிவமைப்புக்குத் தலைமை ஏற்றவர் ராம்கிருபா அனந்தன் என்ற பெண்மணி என்பது நம் பெண் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

இதற்கிடையில் பட்டுக் குஞ்சம் கட்டிப் பார்த்த கதையும் உண்டு. 2011இல் கொரியாவின் சாங்யாங் கம்பெனியை மஹிந்திரா வாங்கியது. அவர்களுடைய ரெக்ஸ்டன் வண்டியை 2012 முதல் இங்கே விற்றார்கள். 2018 நவம்பரில் அதன் புதிய தலைமுறையை ஆல்டுராஸ் ஜி4 என்ற பெயரில் சுமார் 27 இலட்சம் ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள். தோல் இருக்கை, பெரிய உடல், எல்லாம் இருந்தது. ஆனாலும் அந்தப் பணத்துக்கு மக்கள் டொயோட்டாவின் ஃபார்ச்சூனரைத்தான் வாங்கினார்கள். அது நம் பிடதியில் தயாராகும் வண்டி. 2020 டிசம்பரில் சாங்யாங் நீதிமன்றப் படியேறியது. ஆல்டுராஸும் 2022இல் நின்றது. விலையை ஏற்றி, மேலே மெருகு பூசினால் மட்டும் மேல்தட்டு வாடிக்கையாளர் வந்துவிடமாட்டார் என்பதைப் பெரிய தொகை கொடுத்துக் கற்றார்கள் என்று நான் நினைக்கிறேன்.

உண்மையில் மாற்றம் வந்தது வேறோர் இடத்தில். 2016இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, காற்றுப்பை இல்லாத ஸ்கார்ப்பியோவை மோதவிட்டுச் சோதித்து, பூஜ்யம் நட்சத்திரம் கொடுத்தது. அத்தனை உயரமான, அத்தனை கம்பீரமான வண்டிக்குப் பூஜ்யம்! ஐந்தே ஆண்டுகளில், 2021இல் வந்த எக்ஸ்.யூ.வி. 700 அதே அமைப்பிடம் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. சொகுசு என்றால் இதைத்தான் நான் சொகுசு என்பேன். கூரைக் கண்ணாடியும் பன்னிரண்டு ஒலிபெருக்கியும் அதற்குப் பிறகுதான். அந்த ஆண்டு முன்பதிவு திறந்த 57 நிமிடங்களில் 25,000 பேர் பணம் கட்டினார்கள். இந்த வண்டிகளின் ஆராய்ச்சி வேலையில் பெரும்பகுதி நடந்தது செங்கற்பட்டை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில். சோதனை ஓட்டத்துக்குச் செய்யாறு அருகில் 454 ஏக்கரில் தனித் தடமே போட்டிருக்கிறார்கள். நம் பாலிடெக்னிக் பையன்களுக்கு இதெல்லாம் சோறு போடும் சங்கதி.

பெங்களூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2001இல் சேத்தன் மைனி பொம்மசந்திராவிலிருந்து ரேவா என்ற குட்டி மின்சார காரை வெளியிட்டார். தீப்பெட்டி என்று இங்கே சிரித்தவர்கள் உண்டு. லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் அது நன்றாகவே ஓடியது. 2010இல் ரேவாவின் பெரும்பான்மைப் பங்கை மஹிந்திரா வாங்கியது. 2013இல் வந்த இ2ஓ விற்பனையில் சோபிக்கவில்லை. ஆனால் மின்கலத்தோடும் மின்மோட்டாரோடும் மல்லுக்கட்டிய அனுபவம் வீணாகவில்லை. 2024 நவம்பரில் சென்னையில் காட்டிய பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ இரண்டும் முழு மின்சார வண்டிகள். விலை 19 இலட்சத்தை ஒட்டியும் 22 இலட்சத்தை ஒட்டியும் தொடங்கியது.

மின்சாரத்தின் மேல் இவ்வளவு ஆசை ஏன் என்றால், வரிக் கணக்கைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய பெட்ரோல், டீசல் எஸ்.யூ.வி.களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், மின்சார வண்டிக்கு 5 சதவீதம். அந்த வித்தியாசத்தில் ஒரு சொகுசையே உள்ளே வைத்துவிடலாம். ஆனால் நம் ஊரில் ஒரு கொக்கி இருக்கிறது. 25 இலட்சத்துக்கு மேற்பட்ட மின்சார வண்டிகளுக்கு ஆயுள் வரி 10 சதவீதம் என்று கர்நாடக அரசு 2024இல் விதித்தது. ஷோரூமில் சொல்லும் விலையை மட்டும் கேட்டுவிட்டு வங்கிக் கடனுக்கு ஓடக் கூடாது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எக்ஸ்.இ.வி. 9இ நீளம் ஏறத்தாழ 4.8 மீட்டர், அகலம் 1.9 மீட்டர். பத்து, பதினைந்து ஆண்டுக்கு முன் கட்டிய அடுக்ககங்களின் வண்டி நிறுத்தம் சிறிய காருக்குப் போட்ட கணக்கு. வண்டி உள்ளே நுழையும். கதவைத் திறந்து இறங்க முடியுமா என்பதை ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள். சார்ஜ் ஏற்றும் இணைப்புக்கு அடுக்ககச் சங்கத்தின் சம்மதத்தை வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். முழங்கால் வலி உள்ள அம்மாவையோ மாமியாரையோ ஒருமுறை ஷோரூமுக்கு அழைத்துப்போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். மகன் ஓட்டிப் பார்ப்பதைவிட அந்தச் சோதனை பெரிது. சில்க் போர்டு நெரிசலில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வதற்கு இத்தனை குதிரைத்திறன் எதற்கு என்று நான் கேட்டால், “அங்கிள், ஊருக்குப் போகும்போது கிருஷ்ணகிரி ரோட்டில் தெரியும்” என்கிறார்கள். சரி, தெரியட்டும்.

இன்னொன்று பழுது. ஜே.சி. ரோட்டுக்குப் போனால் பழைய ஜீப்புக்கு எந்த உதிரிபாகமும் கிடைக்கும். எந்த ஊர் பட்டறையிலும் அதை மாட்டித் தருவார்கள். புதிய வண்டியில் முன் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் காமிராவின் கோணம் சற்று விலகினாலும் கம்பெனிப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். இது மஹிந்திராவுக்கு மட்டும் உரிய குறை அல்ல. இந்த விலைக்கு வரும் எந்த வண்டிக்கும் இதே நிலைதான். சொந்த ஊர் உள்கிராமமாக இருப்பவர்கள், பக்கத்தில் எந்த டவுனில் சர்வீஸ் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மின்கல உத்தரவாதத்தை மட்டும் வரிவரியாகப் படியுங்கள். 2024 வண்டிகளை அறிமுகப்படுத்தியபோது, சொந்த உபயோகத்துக்கு வாங்கிய முதல் உரிமையாளருக்கு ஆயுள் முழுக்க என்று அறிவித்தார்கள். கை மாறினால் அது 10 ஆண்டு அல்லது 2 இலட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. எங்கள் தருமபுரி ஜீப் ஏலத்தில் போய், அரூர் பக்கம் ஒருவர் கையில், பிறகு இன்னொருவர் கையில் என்று புளி மூட்டையும் ஆட்டுக்குட்டியும் ஏற்றிக்கொண்டு வெகுகாலம் ஓடியதாகக் கேள்வி. இன்றைய வண்டியை ஐந்தாறு ஆண்டில் விற்றுவிட்டு அடுத்ததற்குத் தாவும் பழக்கம் உள்ள இளைஞர்கள், அதை வாங்கப்போகும் அடுத்தவர் இந்த வரியைப் படித்துவிட்டு என்ன விலை கேட்பார் என்பதை இப்போதே ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்.